பழைய கடைவீதியை மீட்டெடுப்பது எப்படி: கும்பகோணத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் மாலை ஆறு மணிக்கு நடந்து பார்க்கிறவருக்கு, நகர மையம் நலிந்துவிட்டது என்ற பேச்சு முதலில் விளங்காது. கூட்டத்துக்கு அங்கே குறைவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கடந்து போகிற கூட்டமே தவிர நிற்கிற கூட்டம் இல்லை. நின்று பொருளைப் புரட்டிப் பார்க்கக் கையகல இடம் இல்லாததால், வாங்கும் வசதி உள்ளவர்கள் வண்டி நிறுத்த இடம் இருக்கிற புறவழிச்சாலைக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். பழைய கட்டடங்களின் மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. மூன்று தலைமுறையாகப் பித்தளைப் பாத்திரம் விற்ற கடையின் அடுத்த வாரிசு வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார். 1866-இல் நகராட்சியாகி, 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.4 லட்சம் மக்கள் வாழ்ந்த இந்த ஊரின் நிலை, தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

இந்த வழிகாட்டி மாமன்ற உறுப்பினர்களுக்கும், வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தன் தெருவைப் பற்றிக் கவலைப்படுகிற குடியிருப்போருக்கும் எழுதப்படுகிறது. இன்று அந்தத் தெருவை நம்பிப் பிழைக்கிறவர்கள் வேலைகள் முடிந்த பிறகும் அதே தெருவில் பிழைக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டே இதில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது. கல் பதித்து, விளக்கு நட்டு, பூக்காரம்மாவை விரட்டிவிட்ட தெருவை மீட்டெடுக்கப்பட்ட தெரு என்று நான் ஏற்கமாட்டேன்.

முதலில் எண்ணுங்கள்

நகர மையம் முழுவதையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர முயல வேண்டாம். முந்நூறு, நானூறு மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தெருவில் ஒரு சாதாரண வேலை நாள், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின நாள், ஒரு திருவிழா நாள் ஆகிய மூன்று நாட்களிலும் காலை ஏழு முதல் பத்து வரையிலும் மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலும் ஒரு கடைத் திண்ணையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை, முதியவர்கள் எத்தனை, எந்தக் கடை முன்னால் கால்கள் நிற்கின்றன, எந்த இடத்தில் எல்லோரும் நடைபாதையை விட்டுச் சாலைக்கு இறங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் 1854-இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அதுபோல உங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்களை இதற்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பகுதியை மட்டும் விடாமல் செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு முறை, கடைகளின் முன் நிறுத்தியிருக்கும் இருசக்கர வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை இடம்வாரியாக எழுதுங்கள். ஒரு நாள் முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால், காலை முதல் இரவு வரை அசையாமல் நின்ற வண்டிகள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை வாடிக்கையாளருடையவை அல்ல, கடை முதலாளிகளும் ஊழியர்களும் ஓட்டி வந்தவை. இடமில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிற கடைக்காரரே தன் வாடிக்கையாளரின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பதை வாய்வார்த்தையாகச் சொன்னால் சண்டை வரும். காகிதத்தில் காட்டினால் அமைதியாகக் கேட்டுக்கொள்வார். ஊழியர் வண்டிகளுக்கு மட்டும் ஐந்து நிமிட நடைத் தொலைவில் ஒரு காலி மனையை மாத வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாலே, ஒரு ரூபாய் கட்டுமானச் செலவு இல்லாமல் தெருவின் ஓரத்தில் கணிசமான இடம் கிடைத்துவிடும்.

யாருடைய நிலம்

எண்ணி முடித்த கையோடு நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு மனையும் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறியுங்கள். கோயில் நகரங்களில் இது மிகவும் முக்கியம். கடைவீதியின் நிலங்களில் பல, கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானவையாக இருக்கும். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். ஆகவே கோயில் இடத்தில் உள்ள கட்டடத்தில் பெரிய செலவு செய்யத் திட்டமிட்டால், கோயிலின் செயல் அலுவலரை முதல் கூட்டத்திலேயே அழைத்துவிடுங்கள்.

சாலை யாருடையது என்பதையும் பாருங்கள். நகரின் நடுவே ஓடினாலும் சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். அவற்றில் மாநகராட்சி தன் விருப்பத்துக்கு நடைபாதை போட முடியாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு.

குழுவில் யார் இருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கடைவீதித் திட்டத்துக்கென்று தனியாக ஒரு சங்கம் தொடங்குவதைவிட, பகுதி சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து, அதன் நகலை மாநகராட்சி ஆணையருக்கு அனுப்பிப் பெறுகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சட்டப்படியான கூட்டத்தின் தீர்மானத்துக்குக் கோப்பில் ஓர் இடம் உண்டு. மனுவாக மட்டும் கொடுத்தது எங்கே போனது என்று தேடவே ஓராண்டு ஆகிவிடும்.

வணிகர் சங்கம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதன் குரலை மட்டும் கடைவீதியின் குரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் உள்ளவர்கள். வாடகைக் கடைக்காரர், கடைச் சிப்பந்திகள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோ நிறுத்தத்தார், மாடியில் குடியிருக்கும் முதியவர்கள் ஆகியோரைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். கூட்டத்தை மாலை நேரத்தில் வைத்தால் வியாபாரத்தை விட்டு ஒருவரும் வரமாட்டார்கள். மதியம் மூன்று மணி, கடை வாசலிலேயே, கால் மணி நேரம் என்று வைத்தால் எல்லோரும் பேசுவார்கள்.

தரைக்கடைகளும் தள்ளுவண்டிகளும்

மீட்டெடுப்பு என்ற பெயரில் நடக்கும் வேலைகள் பலவும் முதலில் கைவைப்பது தெருவோர வியாபாரிகள் மீதுதான். பலவும் தோற்பதும் அங்கேதான். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை மாமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெருவோர வியாபாரத்தைக் கவனிக்க அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஐம்பது ஆண்டுக்கு மேல் இயல்பாக நடந்துவரும் சந்தையை மரபுச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும். கோயில் நகரத்துப் பூக்கடை வரிசைகளில் எத்தனை இந்தத் தகுதியைப் பெறும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்பது சட்டத்தின் வரம்பு. கும்பகோணம் அளவுள்ள ஊருக்கு அது ஏறத்தாழ 3,500 பேர். ஒரே தெருவில் எல்லோரையும் வைக்க முடியாதுதான். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்பதை வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்ய முடியும்.

சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளுக்கு மாநகராட்சி அடுக்குமாடி வணிக வளாகம் கட்டிக் கொடுத்தது. மாடிகளுக்கு வாடிக்கையாளர் ஏறி வருவதில்லை என்பதே அங்கு இடம் பெற்றவர்கள் சொன்ன குறை. கொண்டை ஊசி, ரவிக்கைத் துணி, பூச்சரம் போன்றவற்றை நடந்து போகிறபோது கண்ணில் பட்டால் வாங்குவார்களே தவிர, அதற்கென்று ஒருவர் படி ஏறமாட்டார். ஆகவே தரைக்கடைக்குத் தரையில்தான் இடம் தர வேண்டும். நடக்கும் பாதைக்கு எங்கும் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்தை விட்டுவிட்டு, அதற்கும் வண்டிகள் ஓடும் பகுதிக்கும் நடுவே ஒரு பட்டையைக் கடைகளுக்கு வகுத்துக் கொடுங்கள். ஒவ்வொருவர் இடத்தையும் வண்ணக்கோட்டால் குறித்து, எண் இட்டு, அந்த எண்ணையே அவருடைய சான்றிதழிலும் எழுதிவிட்டால், தினசரித் தகராறும் ‘மாமூல்’ கேட்பவர்களின் பிடியும் ஒருசேரத் தளரும்.

காலை ஐந்து மணிக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிற பூ விற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சங்கடமாகவே இருக்கும். சுத்தமான பெண்கள் கழிப்பறை ஒன்று தெருவுக்கு வந்தால் அவருக்கு மட்டுமன்றி, குழந்தையோடு பாத்திரம் வாங்க வரும் கிராமத்துப் பெண்ணுக்கும் கடைவீதியில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியும். அலங்கார வளைவு கட்டும் பணத்தில் முதலில் இதைக் கட்டலாம்.

தோண்டும் முன் சோதித்துப் பாருங்கள்

பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்படுவதற்கு முன்பு, தடுப்புகள் வைத்து வண்டிகளை நிறுத்திச் சோதனை நடத்தினார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கட்டுமானமே தேவைப்படவில்லை; மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்குத் தடை என்ற ஒரே விதிதான் அதைக் குடும்பங்கள் நடந்து உலாவும் இடமாக வைத்திருக்கிறது. உங்கள் தெருவிலும் முதலில் தடுப்பும் சுண்ணாம்புக் கோடும் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோதித்துவிட்டு வெற்றி என்று அறிவித்துவிட வேண்டாம். வேலை நாள் மாலையிலும் சோதிக்க வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் எந்த வழியாக எத்தனை நிமிடத்தில் உள்ளே வருகின்றன என்று உண்மையான வண்டியை ஓட்டியே பாருங்கள். சரக்கு இறக்குவதற்குக் காலை ஒன்பதுக்கு முன், இரவு ஒன்பதுக்குப் பின் என்று நேரம் வகுத்து, அது மளிகைக்காரருக்கும் இரும்புக் கடைக்காரருக்கும் ஒத்துவருகிறதா என்று கேளுங்கள்.

பேருந்து நிறுத்தத்தை மட்டும் தெருவிலிருந்து தள்ளி வைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து செலவில்லாமல் வந்து இறங்குகிற அந்தப் பெண்களே பழைய கடைவீதியின் உறுதியான வாடிக்கையாளர்கள். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியையாவது இந்த நிறுத்தத்தின் நிழற்குடைக்கும் இருக்கைக்கும் செலவிட வேண்டும்.

தோண்டும்போது

ஒரு கடைவீதித் திட்டத்தில் மிக ஆபத்தான காலம் வேலை நடக்கிற காலம். ஆறு மாதம் தெருவைத் தோண்டிப் போட்டால், பெரிய கடை தாங்கிக்கொள்ளும். தினசரி வட்டிக்கு வாங்கி வியாபாரம் செய்கிறவர் திரும்பி வரமாட்டார்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் தோண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக மந்தமான மாதம் உண்டு. கல்யாணச் சீர் பாத்திரம் விற்கும் தெருவுக்கு, முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் ஓய்வுக்காலம். துணிக்கடைத் தெருவுக்கோ ஆடித் தள்ளுபடி ஆண்டின் பெரிய வியாபாரங்களில் ஒன்று. இரண்டு தெருக்களுக்கும் ஒரே நாளில் பணி ஆணை கொடுத்தால் ஒன்று கெட்டுவிடும். கடைக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன மாதத்தை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

தெருவின் ஒரு பாதியை முடித்து, மறு பாதியைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கடை வாசலுக்கும் பள்ளத்தின் மேல் பலகை போட்டுத் தருவது ஒப்பந்ததாரரின் வேலை என்று எழுத்தில் இருக்கட்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்சாரப் புதைவடம், தொலைபேசி வடம் ஆகிய எல்லாம் முடிந்த பிறகே கல் பதிக்க வேண்டும். பதித்த கல்லைப் பெயர்த்து ஒரு துறை மீண்டும் குழாய் போடுவதைப் பார்க்கிற தெருவாசிக்கு, அடுத்த கூட்டத்துக்கு வர மனம் வருவதில்லை.

தேரோடும் வீதியாக இருந்தால் மின்கம்பிகளைப் புதைவடமாக்குவதற்கு முதலிடம் கொடுங்கள். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் மீது உயரழுத்த மின்கம்பி உரசியதில் 11 பேர் உயிரிழந்தார்கள். நடைபாதையில் தூண்களையும் பூந்தொட்டிகளையும் நடும் முன்பு தேரின் அகலத்தையும் வடம் பிடிப்பவர்கள் நிற்கும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இனி, சாலையின் உயரம். பழைய கடைவீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடையைக் கட்டியவர் பள்ளத்தில் கட்டவில்லை; தெருவைவிட இரண்டு படி உயர்த்தித்தான் கட்டினார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதால் சாலை உயர்ந்து, கடை தாழ்ந்தது. மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்கி, வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற கடைக்காரருக்கு நீங்கள் எந்த வண்ண விளக்கைக் காட்டினாலும் மகிழ்ச்சி வராது. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். பழைய தரைமட்டம் எது என்பதைப் பழைய திண்ணைகளையும் கோயில் வாசற்படிகளையும் பார்த்துக் குறித்து, அந்த மட்டத்துக்கு எவ்வளவு இறக்க முடியும் என்று பொறியாளரிடம் கேளுங்கள். நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அதற்கு மேல் போனால் முதியவர்கள் ஏறாமல் சாலையிலேயே நடப்பார்கள்.

கருங்கல் பரப்பு சித்திரை வெயிலில் செருப்பைத் தாண்டிச் சுடும். வேம்பும் புங்கையும் வளரும்வரை கடைகளுக்கு ஒரே அளவில் நிழல்பந்தல் போட அனுமதியுங்கள்.

பூட்டிய மாடிகள்

ஓட்டுக்கூரையும் மரத்தூணும் உள்ள பழைய வீடுகளுக்கு எடுத்துக்காட்டாகப் புதுச்சேரி வைசியாள் வீதியைச் சொல்லலாம். அரசும், மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் சேர்ந்து தெருமுகப்புகளைச் சீரமைத்தன; வீட்டை வாங்கிக் காலி செய்யாமல், உரிமையாளரை வைத்துக்கொண்டே செய்தார்கள். அந்த வேலை 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றது. கும்பகோணத்திலேயே சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை இராமானுஜன் வாழ்ந்த வீட்டை 2003-இல் சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கி, நினைவகமாகப் பேணி வருகிறது.

எல்லா வீட்டையும் நினைவகமாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் கிடக்கும் மாடியைக் குறைந்த வாடகைக்கு, ஐந்தாண்டுக்கு, பட்டறைக்கோ தையற்கூடத்துக்கோ விட்டால் போதும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள் சுற்றிலும் இருக்கின்றன. 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் அது கிடைத்தது. விளக்கைக் கடைந்து மெருகேற்றுவதை வாங்குகிறவர் நின்று பார்க்க முடிகிற ஒரு மாடி, எந்த விளம்பரத்தையும்விட அந்தத் தெருவுக்கு ஆள் சேர்க்கும். வாடகைக்கு விடப் பயப்படுகிற உரிமையாளரிடம், 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விளக்குங்கள்.

ஆனால் பழைய மாடியில் ஆட்களைக் கூட்டும் முன்பு இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2004 ஜூலை 16-ஆம் தேதி இந்த ஊரின் பள்ளி ஒன்றில் நடந்த தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துயரத்தைச் சுமக்கிற ஊரில், வெளியேறும் வழி இல்லாத மாடிக்கு யாரும் அனுமதி கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது.

பணம்

மாநகராட்சியின் மூலதன நிதி, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆகியவை வழக்கமான வாயில்கள். கடைவீதிக்கு மிகப் பொருத்தமானது ‘நமக்கு நாமே’ திட்டம் என்பது என் கருத்து. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். தன் பணம் அதில் இருக்கிறபோது, சிமென்ட் கலவையைக் கடைக்காரரே எட்டிப் பார்ப்பார். ஒரே தனவந்தர் முழுப் பங்கையும் கட்டுவதைவிட, நூறு கடைகள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுவது மேல். வேலையின் மதிப்பு, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி மூன்றையும் தெருமுனையில் பலகையாக வையுங்கள்.

வேலை முடிந்த பிறகு

திறப்பு விழாவுக்கு முன்பே பராமரிப்புக்கு ஆள் நியமித்திருக்க வேண்டும். பெயர்ந்த கல்லை மாற்ற, கழிப்பறையைக் கழுவ, அணைந்த விளக்கைக் கவனிக்க யார் பொறுப்பு, மாதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி மாமன்றத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கழிப்பறையை மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அவர்களுக்குரிய தொகை மாதம் தவறாமல் போய்ச்சேர வேண்டும்.

கும்பகோணத்துக்கு 2028 மகாமகம் ஒரு கெடு. 1992 மகாமகத்தின் நெரிசலில் உயிர்கள் போனதை ஊர் மறக்கவில்லை. எனவே குளத்துக்குப் போகும் தெருக்களில் எந்த வேலையும் விழாவுக்கு ஓராண்டு முன்பே முடிந்து, ஒரு மாசிமகத்திலாவது கூட்டத்தைத் தாங்கிக் காட்டியிருக்க வேண்டும். மற்ற ஊர்களும் தங்கள் பெரிய திருவிழாவை இப்படியே கெடுவாக வைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டு கழித்து, முதல் முறை உட்கார்ந்த அதே திண்ணையில், அதே மாதத்தில், அதே நேரத்தில் மீண்டும் உட்கார்ந்து எண்ணுங்கள். நடக்கிறவர்கள் கூடியிருக்கிறார்களா, பழைய பட்டியலில் இருந்த தரைக்கடைக்காரர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், வாடகை ஏறியதால் யார் கடையைக் காலி செய்தார்கள் என்ற மூன்றையும் பகுதி சபையில் வாசியுங்கள். மாமன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டு, உறுப்பினர் மாறுவார். ஆகவே எண்ணிக்கை நோட்டு, நில வரைபடம், விற்பனைக் குழுவின் பட்டியல், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பாகக் கட்டி, ஒரு படியை வார்டு அலுவலகத்திலும் இன்னொரு படியைத் தெருவின் ஏதேனும் ஒரு கடையிலும் வைத்து, புதிய உறுப்பினர் பதவியேற்ற வாரத்திலேயே அவரை அந்தத் தெருவில் நடத்திக் கூட்டிச் சென்று கையில் கொடுங்கள்.